ஒரே முகவரி

அலுவலகக் கணினியின் கருப்புத் திரையில் கட்டளையை அடித்தால், மென்பொருளுக்காக எழுதிய உதவிப் பக்கங்கள் உலாவியில் முன்னோட்டமாகத் திறக்கும். எல்லோருக்கும் ஒரே முகவரி. ஆனால் அவரவர் கணினியில் அவரவர் எழுதியது மட்டுமே தெரியும். பதற்றத்தில் சுடர்விழி அதை மறந்துபோனாள். வாயால் சொல்ல முடியாததை ஓர் உதவிப் பக்கத்தில் எழுதினாள்: 'ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், தியாகு.' முகவரியை எதிர்மேசைக்கு அனுப்பினாள். தியாகு திறந்தபோது, அவன் காலையில் எழுதிய நிறுவல் குறிப்புதான் வந்தது. அதைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தான்.

"நல்லாத்தானே இருக்கு. இதுக்கெல்லாமா என்னைக் கேப்ப, சுடர்? முடிச்சுடு," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, அவங்களை வரச் சொல்லிடு."