திரும்பி விழுந்த பிரதி

பிரேம் கடை ஜெயக்கொடி, ஓவியர் சிற்சபேசனின் இருபத்து நான்கு ஸ்கிரீன் பிரிண்ட்களுக்குக் கண்ணாடி போட்டு முடித்திருந்தாள். எல்லாவற்றிலும் நீலத்தின்மேல் ஒரே சிவப்புத் திட்டு, இடப்பக்கம் சாய்ந்து, நடுவில் சின்ன ஓட்டையோடு.

"என்ன சார் இது?" என்று முதல் நாளே கேட்டாள்.

"எதுவுமே இல்லம்மா. அர்த்தம் தேடினா நவீன ஓவியம் செத்துடும்" என்று சிரித்தார்.

காகிதக் கட்டின் அடியில், கணக்குக்கு மேல் இருபத்தைந்தாவதாக ஒன்று இருந்ததை உருவினாள். இதில் மட்டும் திட்டு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தங்கை சுகந்தியின் முதுகுத் தழும்பு! சின்ன வயதில் ஜெயக்கொடியே கை தவறிக் கொட்டிய வடிகஞ்சி. நடுவில் சுடாமல் தப்பிய அந்த ஓட்டைகூட அப்படியே இருந்தது. சுகந்தி காணாமல் போய் மூன்று வருஷமாகிறது.

"அடடா, அது வீணாப்போன பிரதியாச்சே!" பின்னாலிருந்து சிற்சபேசனின் குரல். "பிரிண்ட் போட்டவன் ஃபிலிமைத் திருப்பி வச்சுட்டான். இடமெல்லாம் வலமா விழுந்துடுச்சு. குடும்மா, கிழிச்சிடறேன்."

ஜெயக்கொடி காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் விழுந்திருக்கு சார். சுகந்தி எங்க?"

சிற்சபேசன் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.