கண்ணாடிக்குள் நீலம்

"சத்தம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். வெளிச்சம்தான் சரியில்ல."

பல் டாக்டர் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தன் கையாலேயே செய்து கொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயர், பழைய போர்வையில் சுற்றப்பட்டு அவர் மேஜைக்கே திரும்பி வந்திருந்தது.

கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் டாக்டரின் இன்னொரு உலகம். ஞாயிற்றுக்கிழமையானால் பல்லை மறந்துவிட்டு, பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றிய கண்ணாடி வால்வுகளோடு உட்கார்ந்துவிடுவார். யார் கேட்டாலும் லேசில் செய்து தரமாட்டார். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள வந்த இந்தப் பெண், வீங்கிய கன்னத்தோடு அலமாரியில் எரிந்த வால்வுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் மனசு இளகித்தான் ஒத்துக்கொண்டார்.

"வெளிச்சமா?"

"ஆமா டாக்டர். இது ஆரஞ்சா எரியுது, அவ்வளவுதான். எங்க அக்காவுக்குப் பிடிக்கல. அன்னிக்கு உங்க அலமாரியில ஒண்ணு இருந்துச்சே, கண்ணாடிக்குள்ள நீலமா, பாட்டுக்குத் தகுந்த மாதிரி துடிச்சுக்கிட்டு. அது கிடைக்குமா?"

"அது கிழவாடி வால்வும்மா. உம்முனு ஒரு இரைச்சல் பின்னாடியே வரும். அந்த இரைச்சல் வரக்கூடாதுன்னுதான் தேடித் தேடி உங்களுக்கு இதைப் போட்டிருக்கேன்."

"இரைச்சல் இருந்தாப் பரவாயில்ல."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இப்பல்லாம் இது எல்லாருக்கும் ஷோகேஸ் பொம்மையாப் போச்சு. போன வாரம் ஒருத்தர் வந்தார். ஸ்பீக்கரே வேண்டாமாம். ஹால்ல மினுக் மினுக்குனு எரிஞ்சாப் போதுமாம். வாசல்லயே வழியனுப்பிட்டேன். பாட்டு காதுக்கும்மா. கண்ணுக்குத்தான் வேணும்னா கலர் பல்பு வாங்கி மாட்டிக்குங்க."

அவள் கோபப்படவில்லை. போர்வையை மடித்தபடியே சொன்னாள்.

"எங்க அப்பாவோட ரேடியோவுல பின்பலகை உடைஞ்சு போயிருக்கும் டாக்டர். வால்வெல்லாம் வெளியவே தெரியும். வேலை முடிஞ்சு வந்ததும் அப்பா செருப்பைக் கழட்டறாரோ இல்லையோ, அதைப் போட்டுடுவார். நாங்கல்லாம் முன்னாடி உட்காருவோம். அக்கா மட்டும் பின்னாடி போய்த் தரையில உட்கார்ந்துப்பாங்க. சூடு பட்டுடும்னு அம்மா இழுத்துட்டு வருவாங்க. திரும்பிப் பாத்தா மறுபடி அங்கதான் இருப்பாங்க. மூக்கு வால்வை இடிக்கிற மாதிரி."

டாக்டர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. போட்ட உடனே பாடாது. சூடேறணும். தூசி கருகுற மாதிரி ஒரு வாசனை வரும்."

"ஆமா டாக்டர். அந்த வாசனை வந்ததும் அப்பா எங்களை 'உஷ்'ம்பார். அதுவரைக்கும் கத்திக்கிட்டு இருந்த வீடு அப்படியே அடங்கிடும்."

"இப்ப எங்கே அது?"

"அப்பா போனதும் வீடு மாத்தினோம். அந்த அவசரத்துல யாரு கைக்குப் போச்சோ தெரியல. அக்கா அன்னிக்கு அழுத அழுகை, அப்பா போனப்பகூட அப்படி அழல."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"உங்க அக்காவையே வரச் சொல்லுங்க. அந்தக் கிழவாடியைப் போட்டுக் காட்டறேன். இரைச்சலைக் கேட்டதும் அவங்களே பழையபடி மாத்தச் சொல்லிடுவாங்க."

"வெளியதான் உட்கார்ந்திருக்காங்க."

அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தலை முழுக்க வெள்ளை. டாக்டரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டு, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் பழைய வால்வுகளைப் பொருத்தினார். ஸ்பீக்கர் ஒயரை மாட்டினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு இசைத்தட்டைச் சுழல விட்டார்.

முதலில் கண்ணாடிக்குள் சிவப்பாய் ஓர் இழை. பிறகு மெல்ல மெல்லப் பாட்டு. கூடவே அந்த இரைச்சல். டாக்டர் முகம் சுளித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா மோவாயை மேஜை விளிம்பில் ஊன்றியிருந்தாள். பாட்டு மேலே ஏற, கண்ணாடியின் உள்பக்கம் படர்ந்திருந்த நீலம் நடுங்கியது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. அவள் விரல்கள் மேஜையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தன. பாடகர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் விரலும் நின்றது. அவர் மறுபடி பாட எடுத்தபோது அதுவும் தட்டத் தொடங்கியது. கண்ணோரம் ஈரம் கோத்திருந்ததை அவள் துடைக்கவில்லை.

டாக்டருக்குத் தாங்கவில்லை. தங்கையின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? உங்களை மாதிரியா வெளிச்சம், கலருன்னு பேசறாங்க? இவ்வளவு இரைச்சல்லயும் பாட்டை மட்டும் பிரிச்செடுத்துக் கேக்கறாங்க. ஒரு தாளம் தப்பல. காதுன்னா இதும்மா காது. இவங்களுக்குன்னா இந்த வால்வை நான் சந்தோஷமாத் தருவேன்."

தங்கை கொஞ்சம் தயங்கினாள்.

"மொதல்லயே சொன்னா, அவங்களுக்கு எதுக்குப் பாட்டுப் பெட்டின்னு எல்லாரும் கேட்டுடறாங்க டாக்டர். அதான் சொல்லல. அக்காவுக்குப் பிறவியிலேருந்தே காது கேக்காது. அவங்களுக்குப் பாட்டுன்னா, அந்த நீலம்தான்."