நாலு வரியில் மாறிய தேதி

"ரத்தத்தை வித்துத் திங்கறியா நீ?"

ஒரியெம் போட்ட சத்தத்தில் குலு ஊரின் அந்தச் சின்ன ரத்த வங்கியே அதிர்ந்தது. எல்லோரும் "லாடித்" என்று மரியாதையாகக் கூப்பிடும் அதிகாரி அவர். எதிரே நின்றவள் புரோகிராமர் அச்சிரோ.

எப்போது பார்த்தாலும் மேஜையில் தலை சாய்த்துக் கிடப்பவள். "அச்சிரோ முழிச்சிருந்தா கூப்பிடுங்கப்பா, போட்டோ எடுக்கணும்" என்று ஆபீசே கேலி பேசும். சம்பளத்தை வாங்கிக்கொண்டு தூங்கினால் யாருக்குத்தான் எரியாது?

இன்று அகப்பட்டது அதைவிடப் பெரிய குற்றம். அவள் கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்திருந்த நாலு வரி புரோகிராம்.

"படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அச்சிரோ மெல்லப் படித்தாள். "கம்பாலா சர்வர்ல இருக்கற டேட்டாபேஸோட கனெக்ட் பண்ணு. 4417-ம் நம்பர் ஆளை எடு. கடைசியா ரத்தம் கொடுத்த தேதியை ஆறு மாசத்துக்கு முந்தினதா மாத்து. கனெக்‌ஷனை மூடு."

லேப் ஊழியர் ஒச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருமுறை ரத்தம் கொடுத்தவர், மூணு நாலு மாதம் பொறுத்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அதுவரை அவர் பெயருக்குக் கம்ப்யூட்டர் லேபிள் அடிக்காது. லேபிள் இல்லாமல் ரத்தப் பை வெளியே போகாது.

"நாலு மாசத்துல மூணு தடவை உறிஞ்சியிருக்கே! அந்த ஆள் செத்தா யார் பதில் சொல்றது? யாரு அது?" என்று கத்தினார் ஒரியெம்.

ஒச்சான் நம்பரைத் தட்டினார். வந்த பெயரை இரண்டு முறை படித்தார்.

"லாடித்... இது அச்சிரோவேதான்."

ஒரியெம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஓ நெகட்டிவ், லாடித். இந்தச் சுத்துவட்டாரத்துல நாங்க மூணே பேர்தான் இருக்கோம். குழந்தைங்க வார்டுல இருந்து போன் வந்தா எனக்கு மனசு கேக்கல."

அவள் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"அதுக்காக? விதின்னா விதிதாம்மா" என்றார் ஒரியெம். "உன் உயிர் போகக்கூடாதுன்னுதான் அந்த விதி. யாருக்காகவும் அதை மீறக்கூடாது. இந்த நிமிஷமே உன் பாஸ்வேர்டை முடக்கறேன்."

விரல் கீபோர்டில் பட்டது. போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம பொண்ணு லாக்கரை பைக் டாக்சி இடிச்சிடுச்சுங்க! ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ஓ நெகட்டிவ் ஒரு பையாவது உடனே வேணுமாம்!"

ஒச்சான் ஃப்ரிட்ஜுக்கு ஓடினார். காலி. ஒரியெம் பட்டியலைத் திறந்தார். ஒருவர் நைரோபியில். இன்னொருவர் போன மாதம் கொடுத்தவர்; வந்து சேரவே அரை நாளாகும். மூன்றாவது, 4417. கொடுத்துப் பதினொரு நாள்தான் ஆகிறது.

அவர் எழுந்து அச்சிரோவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை... தேதியை மாத்தும்மா."