தடியன் நடை

கிட்ட வந்து உட்காருங்க. கத்திச் சொல்ற விஷயம் இல்லை இது. ரெண்டு ஓரகத்திகள் சமாசாரம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் நல்லா இருக்காது.

மூத்தவள் தையல்காரி. மாடி ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, தெருவையும் சேர்த்துத் தைக்கிறவள். இளையவள், அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, தபால்காரி. "நாய்கிட்ட கடி வாங்கறதுக்கே சம்பளம் வாங்கறவ" என்று மூத்தவள் கேலி பண்ணுவாள்.

நாய் மூத்தவளுடையது. பேர் தடியன். குட்டியாக வந்ததை மடியில் போட்டு, சீசாவில் பால் புகட்டி வளர்த்தாள். பாசமெல்லாம் சரிதான், கயிற்றைக் கட்டித் தெருவில் இறக்கினால் மட்டும் ரயில் இன்ஜினாகிவிடும். நாலு மாசம் முன்னால் ஒரு பூனையைப் பார்த்து அது இழுத்த இழுப்பில், தையல்காரி நடுத்தெருவில் விழுந்து இடது கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. நடைதான் பழையபடி வரவில்லை. வலது கால் ஓரடி வைத்தால், இடது கால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும்.

"ரெண்டு வாரம் டைம்" என்றார் அவள் புருஷன். "அதுக்குள்ள இது இழுக்காம உன்கூட நடக்கணும். இல்லேன்னா சிநேகிதர் பண்ணைக்கு அனுப்பிடுவேன். இன்னொரு கால் உடையற வரைக்கும் என்னால பார்த்துட்டு இருக்க முடியாது."

"நான் பழக்கறேன் மாமா" என்றாள் இளையவள்.

அங்கேதான் ஆரம்பித்தது வயிற்றெரிச்சல்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் தபால்காரி கயிற்றைக் கையில் எடுப்பாள். வித்தை ஒன்றும் பெரிசில்லை. கயிறு விறைத்தால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிடுவாள். அதட்ட மாட்டாள், சுண்டி இழுக்க மாட்டாள். தடியன் இழுத்து இழுத்துப் பார்த்து, அலுத்துப்போய்த் திரும்பும். கயிறு தொய்ந்த அந்த நிமிஷம், "சபாஷ்டா" என்று முழங்கால் பக்கத்தில் ஒரு துண்டு பிஸ்கட். அப்புறம் நாலடி. மறுபடி கம்பம்.

"தபாலம்மா! இந்த வேகத்துல போனா, கல்யாணப் பத்திரிகை குழந்தை பிறந்த பிறகுதான் வந்து சேரும்!" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

நாலாம் நாள் தெருமுனை வரைக்கும் கயிறு தொய்ந்தே போனது. சாயங்காலமானால் தடியன் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு தபால்காரிக்குக் காத்திருக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே தைத்ததில் தையல்காரிக்கு ஊசி விரலில் ஏறியது.

"பால் கொடுத்தது நான். வாலாட்டறது அவளுக்கா?"

"என்ன சொன்னே?" என்றார் உள்ளேயிருந்து புருஷன்.

"நூல் அறுந்துடுச்சுன்னேன்."

மறுநாள் தபால்காரி தடியனோடு தெருவில் வருவதைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். கையில் ஒரு முழு பிஸ்கட்.

"தடியா! டேய் தடியா! இங்க பாருடா!"

தடியன் எகிறியது. தபால்காரியின் தோள்பட்டை கழன்று வரப் பார்த்தது.

"கூப்பிட்டீங்களா அக்கா?"

"சும்மாதான். பார்க்கணும்போல இருந்துச்சு."

அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. நாய் பழகாவிட்டால் பண்ணைக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். 'போனாலும் போகட்டும், அவ சொல்லி அடங்கறதை மட்டும் நான் பார்க்கக் கூடாது' என்றது மனசு. பொறாமைக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது.

தபால்காரி மட்டும் சளைக்கவில்லை. இவள் கூப்பிடுவாள், அவள் கம்பமாக நிற்பாள். பத்தாம் நாள் தடியன் காதை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தது.

பதினோராம் நாள் எட்டிப் பார்த்தவளுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டது. தபால்காரி நொண்டிக்கொண்டு நடந்தாள். வலது கால் ஓரடி. இடது கால் யோசித்து ஓரடி. அச்சு அசல் இவள் நடை. ரொட்டிக்கடைக்காரர் வேறு கடைவாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மூணு நாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசி நாள், புருஷன் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள்.

"ஏண்டி, நாயைப் பழக்கறியா, என் நொண்டியை ஊருக்குக் காட்டறியா? ரெண்டு காலும் நல்லா இருக்குன்னா இத்தனை திமிரா?"

தபால்காரி கயிற்றை அவள் கையில் வைத்தாள்.

"ரொட்டிக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க அக்கா. வந்து திட்டுங்க."

விடுவிடுவென்று போகத்தான் நினைத்தாள், கால் விடவேண்டுமே. வலது கால் வைத்தாள். தடியன் ஓரடி வைத்தது. இடது கால் யோசித்தது. தடியனும் நின்றது. தலையைத் தூக்கி அவள் காலைப் பார்த்தது. கால் வந்ததும் கூட வந்தது. போக, வர, ஒரு தடவைகூடக் கயிறு விறைக்கவில்லை.

திரும்பி வரும்போது தையல்காரிக்குத் தெருவே மங்கலாகத் தெரிந்தது.

"அடேயப்பா!" என்றார் புருஷன். "நம்ம தடியனா இது? எப்படிம்மா பழக்கினே?"

மாடியிலிருந்து கூப்பிட்டதையெல்லாம் இப்போது போட்டு உடைக்கப்போகிறாள் என்று தையல்காரி கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

தபால்காரி குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"பாதிதான் நான் மாமா. யார் கூப்பிட்டாலும் இழுக்காம நிக்கப் பழக்கினது அக்கா. தினம் தைக்கிற வேலையைக்கூடப் போட்டுட்டு, ஜன்னல்ல நின்னு கூப்பிட்டுக் கொடுத்தாங்களே!"