சாமி பேர் வைத்த ஆட்டுக்குட்டி

வீட்டுக்காரம்மா ஆட்டுக்குட்டிக்கு முனியப்பன் என்று பேர் வைத்து, கழுத்தில் மஞ்சள் கயிறும் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அகத்திக்கீரை தாராளமாகக் கிடைத்தது. குட்டிக்கு அதுதான் உறுத்தியது.

"ஏன் கோழியக்கா, எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?"

"மலையடிவாரத்துச் சாமி பேருடா அது. நம்ம பஞ்சாயத்துத் தலைவருக்கும் அதே பேருதான். இந்த வீட்டுப் பையனுக்கும் அதேதான். எல்லாம் வேண்டிக்கிட்டு வச்சது."

"வேண்டிக்கிட்டா சாமிக்கு ஏதாவது கொடுக்கணுமே? அவங்க என்னத்தக் கொடுத்தாங்க?"

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி முடி இறக்கினாங்க. அப்புறம் நல்லாத்தான் வளர்ந்துச்சு."

குட்டி தன் முதுகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"எனக்கும் முடி மட்டுந்தானே அக்கா?"

ஒரு மணி தானியம்கூட இல்லாத இடத்தில், கோழி மும்முரமாக மண்ணைக் கிளறத் தொடங்கியது.