நிறம் தெரியாத கண்ணாடி

அடுத்தது அவன் முறை.

கண்களை முழுக்க மூடிக்கொள்ளும் வி.ஆர். கண்ணாடி கைமாறிக்கொண்டே வந்தது. மாட்டிய ஒவ்வொருவரும் ஒரு சத்தம் போட்டார்கள்.

நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு நம் திரைகள் எப்படித் தெரியும் என்று டிசைனர்களுக்குக் காட்டும் பயிற்சி இது. அதற்குள் அவர்கள் வடிவமைத்த மருத்துவமனைச் செயலி ஒன்று ஓடியது. காலிப் படுக்கை பச்சை, ஆள் இருக்கும் படுக்கை சிவப்பு. பயிற்சி தர வந்த பெனசீர் மடிக்கணினியில் ஃபில்டர் என்ற பொத்தானைத் தட்டினால், கண்ணாடிக்குள் இரண்டும் ஒரே சேற்று நிறமாகிவிடுகிறதாம்.

பாவம் அவர்கள் என்றாள் உடன் வேலை பார்க்கும் ரோஸ்லின். இப்படி ஒருவன் டிசைனராக வந்து சேர்ந்தால் நம் கதி என்ன என்று திலகன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான்.

அலுப்பாக இருந்தது.

அந்தத் திரைக்கு நிறம் கொடுத்தவனே அவன்தான். கண்ணால் கொடுக்கவில்லை. கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்கள் அவனுக்கு மனப்பாடம். கூட்டத்தில் யாராவது நிறத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால், கொஞ்சம் அடர்த்தி குறைக்கலாம் என்பான். அது எந்த நிறத்துக்கும் பொருந்தும். நிறத்தில் இவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளி வெளியாட்களிடம் பெருமை பேசுவார்.

சட்டையை மனைவி எடுத்து வைக்கிறாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் வேலை போய்விடும்.

கண்ணாடியை மாட்டினான்.

படுக்கைகள் வரிசையாகத் தெரிந்தன. காலையில் தன் மேசைக் கணினியில் பார்த்த அதே படுக்கைகள். ஒன்றும் மாறவில்லை.

மாறாது என்று தெரிந்துதான் வந்திருந்தான். மற்றவர்கள் சொன்னதையே சொல்லிவிட்டால் போதும்.

"ஐயோ, எல்லாம் ஒண்ணாத் தெரியுதே," என்றான். "எது காலி, எதுல ஆள் இருக்குன்னே புரியல."

யாரும் சிரிக்கவில்லை.

"சார்," என்றாள் பெனசீர், தயங்கி. "நான் இன்னும் ஃபில்டரே போடலையே."

கண்ணாடிக்குள் யார் முகமும் தெரியவில்லை. நல்லவேளை.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளித்திருக்கலாம். வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் நம்பியும் இருப்பார்கள். நாளைக்கும் எண்களை வைத்தே ஓட்டியிருக்கலாம். நாளை மறுநாளும்.

நினைக்கும்போதே உடம்பு கனத்தது.

"போட்டாலும் எனக்கு இப்படித்தாம்மா இருக்கும்," என்றான்.

கண்ணாடியைக் கழற்றாமலேயே பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடினான்.

யாரோ அதை அவன் கைக்கருகே நகர்த்தி வைத்தார்கள்.