அவன் வாசலுக்கு வந்தால்

கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமல் கேட்டதும் பூனையக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. முழங்கை வரை தடித்த கையுறை போட்டிருந்தும் மறுபடி கையை நீட்ட அவள் துணியவில்லை.

வெளியூர் போகிறவர்களின் பூனைகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. போன வருஷம் ஒரு கடுவன் பூனை கடித்து வலது கை வீங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

"இன்னொரு தடவை ரத்தத்தோட வந்து நின்னே, இந்தத் தொழிலுக்கே முழுக்குப் போட்டுடணும்" என்று கணவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நேற்று இந்த வீட்டில் நுழைந்தபோதே அவளுக்கு என்னவோ போலிருந்தது. வீட்டுக்காரி சின்னப் பெண். ஒரே ஒரு பையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கண்ணுக்குக் கீழே ஒரு கீறல், சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

"அவன் வேலையாம்மா?" என்று கேட்டாள் பூனையக்கா.

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். "ஆமாங்க்கா. போன வாரம். டாக்டரம்மா உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க, சொன்னாங்க. நான் பார்த்துக்கறேன்."

'பயந்த பூனை, பார்த்துக் கையாளு' என்று மட்டும்தான் கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"எனக்கு வாயால சொல்ல வரலைக்கா. எழுதி ஒட்டியிருக்கேன்." ஃபிரிட்ஜைக் காட்டிவிட்டு, வாசலில் நின்ற வண்டியை நோக்கி ஓடியே போய்விட்டாள்.

சீட்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

'அவன் எப்ப எப்படி மாறுவான்னு சொல்லவே முடியாது. குழைஞ்சு குழைஞ்சு வருவான், நம்பிடாதீங்க. முறைச்சுப் பார்க்காதீங்க, குரலை உயர்த்தாதீங்க. முக்கியமா, வாசக்கதவுகிட்ட வந்து எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காதீங்க. உள்தாழ்ப்பாள் எப்பவும் போட்டே இருக்கட்டும்.'

பூனையை 'அது' என்று சொன்னால் பெற்ற பிள்ளையைத் திட்டின மாதிரி கோபித்துக்கொள்ளும் வீடுகளாகப் பார்த்துப் பார்த்து, பூனையக்காவுக்கும் எல்லாப் பூனையும் அவன்தான், இவன்தான். கூடத்தில் கல்யாணப் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இதுவும் அவன் கைங்கரியம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் வைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்து, பூனைக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள். பாய்ந்தால் போர்த்திவிட, மடியில் ஒரு கனமான துண்டு.

அரை மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. ஓர் அடி, இன்னோர் அடி. புசுபுசுவென்ற உடம்பு கிண்ணத்தைத் தாண்டி வந்து அவள் முழங்காலில் தலையைத் தேய்த்தது.

அவள் ஏமாறவில்லை. இங்கேதான் எல்லோரும் கடி வாங்குவார்கள். கன்னத்தில் இரண்டே தடவல், உடனே கையை எடுத்துவிட்டாள். வால் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் இரண்டு தடவல்.

"அடேய் போக்கிரி, உன்னைப் பத்தியாடா இவ்வளவு பெரிய சீட்டு?"

அப்போது வாசல் கதவின் பளபளக்கும் புதுப் பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. திரும்பாமல் கரகரவென்று முட்டியது. பூனையின் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன, வால் இரண்டு மடங்கு பருத்தது. அவள் துண்டை எடுப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து மறைந்தது. சீட்டில் எழுதியிருந்தது சரிதான், நொடியில் மாறிவிட்டான்.

அழைப்பு மணி அடித்தது. கதவை இடுக்கு அளவு திறந்து பார்த்தாள்.

"பயந்துட்டீங்களாக்கா? நான் இந்த வீட்டு ஆளுதான். ஊர்ல இருந்து இப்பதான் வர்றேன். சாவி என்னவோ சேர மாட்டேங்குது. தயவுசெஞ்சு கொஞ்சம் திறங்களேன்."

தேன் சொட்டும் குரல். கல்யாணப் படத்தில் இருந்த அதே முகம்.

"அடடா, சீக்கிரம் உள்ள வாங்க தம்பி! கதவு திறந்திருந்தா அவன் ஓடிடுவான்."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தான். பூனையக்கா மறக்காமல் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரிதான்.

"அக்கா, அங்க எல்லாம் சரியா இருக்குல்ல?"

"ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. சீட்டுல எழுதினதை ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன். அவன் உள்ளதான் இருக்கான், தாழ்ப்பாளும் போட்டாச்சு."

வீட்டுக்காரி பதறினாள். "உள்ளயா? அவனை உள்ள விட்டுட்டீங்களா?"

"அட, உங்க பூனையைத்தாம்மா சொல்றேன்!" பூனையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சோபா கிறீச்சிட்டது. அவன் எழுந்து வருவது கேட்டது.

"அக்கா... என் பூனை பொண்ணு."